அடுத்த சீட்டு யாருடையது?

எங்கள் மாதர் குழுவில் 11 பேர். மன்னார், வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என நான்கு மாவட்டங்களில் சிதறி இருக்கிறோம். முன்பு மாதம் ஒருமுறை வவுனியாவில் கூடுவோம். 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது எங்கள் கூட்டம் கைத்தொலைபேசிக்குள் வந்தது. பஸ் செலவு மிச்சம் என்பதால் இன்றும் பெரும்பாலும் அப்படியே கூடுகிறோம்.

நேரில் இருக்கும்போது ஒருவர் பேச விரும்புவது முகத்திலேயே தெரிந்துவிடும். தொலைபேசியில் அது தெரியாது. இருவர் ஒன்றாகத் தொடங்குவார்கள். "நீங்கள் சொல்லுங்கோ அக்கா" என்று இருவருமே நிறுத்திவிடுவார்கள். கடைசியில் குரல் உயர்ந்த இரண்டு மூன்று பேரே கதைத்து முடிப்போம். கூட்டத்தை நடத்தும் நானும் அவர்களில் ஒருத்திதான். பெயர் சொல்லி அழைத்தபோதோ, "ஏன் எப்போதும் அவவையே முதலில் கேட்கிறியள்?" என்ற மனக்குறை வந்தது.

வழி காட்டியது நாங்கள் பிடிக்கும் சீட்டு. இம்மாதப் பணம் யாருக்கு என்று திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்க்கிறோம். முடிவை எவரும் குறை சொல்வதில்லை. பேசும் முறைக்கும் அதையே செய்தால் என்ன?

பெயர்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதி, வெற்றுப் பால்மாப் பேணியில் போட்டேன். கூட்டத் தொடக்கத்தில் என் மகள் ஒவ்வொன்றாக எடுக்க, வரிசையை வாசித்துவிடுவேன். தன் முறை முன்கூட்டியே தெரிவதால் பதற்றமில்லை. ஒருவருக்கு 3 நிமிடம். எடுத்த சீட்டு மீண்டும் பேணிக்குள் போகாது. எனவே எவரும் விடுபடமாட்டார். தொடர்பு அறுந்தவருக்குக் கடைசியில் இடமுண்டு. சீட்டெடுக்கும் பொறுப்பு மாதந்தோறும் கைமாறும்.

இன்னொரு விதியும் உண்டு. "இப்போது வேண்டாம்" என்று எவரும் சொல்லலாம். போரின் இழப்புகளைச் சுமக்கும் எங்களில் எவரையும், சீட்டு விழுந்துவிட்டது என்பதற்காக வாய் திறக்க வைக்கக்கூடாது.

மூன்றாவது கூட்டத்தில், "ஓம்" என்பதற்கு மேல் பேசியறியாத ஒரு சகோதரிக்கு முதற் சீட்டு விழுந்தது. சற்று மௌனம். பிறகு சொன்னார்: ஒரு நுண்கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது. கிழமைக் கட்டுப்பணம் கேட்டு வருவோருக்குப் பயந்து, பிள்ளைகளுடன் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பாராம். நாங்களோ அதுவரை, "எல்லோரும் சுகம்தானே?" என்று கேட்டுக் கூட்டத்தை முடித்திருந்தோம்.

அடுத்த கிழமை இருவர் அவர் வீட்டுக்குப் போய்க் கடன் புத்தகங்களை ஒன்றாக வைத்துக் கணக்குப் பார்த்தோம். தவணைக் காலத்தை நீடிக்கும்படி கடிதம் எழுதினோம். கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் அவர் இப்போது தனியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பதில்லை.

சோழர் காலத்து உத்திரமேரூரில் ஊர்ச்சபைக்கு ஆள் தெரிவுசெய்ய ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் இட்டு, சிறுவனைக் கொண்டு எடுப்பித்ததைப் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறுகிறது. அந்தக் குடத்தில் பெண்களின் பெயர் இருக்கவில்லை. எங்கள் பேணியில் இருக்கிறது.

உங்கள் குழுவிலும் பேசாமலே இருக்கும் ஒருவர் இருக்கக்கூடும். அடுத்த கூட்டத்தில் ஒரு வெற்றுப் பேணியை எடுத்து வையுங்கள், சகோதரிகளே.