தூர்ந்த கிணறும் உவர்த்த கிணறும்

தந்தை ஆபிரகாமின் நாளில் தோண்டப்பெற்ற கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணிட்டுத் தூர்த்தனர் என்றும், மகன் ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டினார் என்றும் தொடக்க நூலின் 26ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தூர்ந்த கிணற்றைத் திரும்பத் தோண்டலாம். உவர்த்த கிணற்றை என்செய்வது? திண்டுக்கல் வட்டாரத்து மக்களாகிய நாம் இவ்வினாவின் பொருளை நன்கறிவோம். தோல் பதனிடும் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. அதன் கழிவுநீரோ நகரைச் சூழ்ந்த கிணறுகளைக் கெடுத்தது.

ஆதலின், காவிரிப் படுகையில் எழுந்த மீத்தேன் சிக்கலை அயலூர்ச் செய்தியென நாம் ஒதுக்கலாகாது. மன்னார்குடியைச் சூழ்ந்து, தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 690 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரிப் படுகை மீத்தேனை எடுக்க 2010இல் மத்திய அரசு ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. 2011 சனவரியில் மாநில அரசும் உடன்பட்டது.

நிலக்கரியினுள் இவ்வாயுவை அடக்கி வைத்திருப்பது நீரின் அழுத்தமே. அந்நீரை இறைத்து வெளியேற்றினால்தான் வாயு விடுபடும். அந்நீர் பெரும்பாலும் உவர்நீர். நிலத்தடி நீர் தாழுமே, உவர்நீர் வயலில் பாயுமே என உழவர் அஞ்சியது வீண் அச்சமன்று. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று இதனை விளக்கினார். அப்பணியினூடே 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தார். அவ்வாண்டிலேயே திட்டத்தை நிறுத்தி வைத்து வல்லுநர் குழு அமைத்த மாநில அரசு, 2015இல் அதனை முற்றாக மறுத்தது. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் பிறந்தது. எனினும், 2023இல் டெல்டாப் பகுதியின் நிலக்கரித் தொகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் இடம்பெற்றன. எதிர்ப்பு எழுந்த பின்னரே நீக்கப்பட்டன. சட்டம் இருந்தாலும் விழிப்பு வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

மறுபக்கத்தையும் நேர்மையுடன் நோக்குவோம். நம் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். விளக்கும் ஒளிர வேண்டும். நாட்டிற்குத் தேவையான இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழப் பாதி அயல்நாடுகளிலிருந்தே வருகிறது. ஆயினும், நகரத்தின் வெளிச்சத்திற்கு உழவனின் கிணறு விலையாகலாமா? அவனைக் கேளாமலே அவ்விலையைக் குறிக்கலாமா?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' எனும் சுற்றுமடல், நிலக்கரி முதலிய எரிபொருள்களைக் காலந்தாழ்த்தாது படிப்படியாகக் கைவிட வேண்டுகிறது. 2024இல் அவரே, வத்திக்கானுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கதிரவனிடமிருந்து பெறும் நிலையம் அமைக்கப் பணித்தார். அது பயிர்த்தொழிலுடன் இணைந்ததாகவும் இருக்க வேண்டும் என்றார்.

வெயிலுக்குக் குறைவில்லாத நம் ஊரில் பங்கு ஆலயம், பள்ளி ஆகியவற்றின் மேற்கூரைகள் வெறுமனே கிடக்கலாமா? கிராம சபை கூடும்போது நம் இருக்கைகள் காலியாக இருக்கலாமா? ஈசாக்கு தன் மக்களுக்கு விட்டுச் சென்றது நன்னீர்க் கிணறுகள். நம் பிள்ளைகளுக்கும் நாம் அவற்றையே விட்டுச் செல்வோம்.