எட்டு மாமாங்கம் கண்ட பாட்டி

பழைய தலைமுறைப் பாட்டிமார்களிடம் வயது என்ன என்று கேட்டால் நேராகப் பதில் வருவது அபூர்வம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குப் பட்டாபிஷேகம் ஆன வருஷத்திலிருந்து எண்ணிக்கொள்ளச் சொல்வாள் ஒரு பாட்டி. காவேரியில் 1924-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் வந்த பெருவெள்ளத்தைக் கொண்டு கணக்குச் சொல்வாள் இன்னொரு பாட்டி. நம் பாட்டியோ கும்பகோணத்தில் பிறந்து, கும்பகோணத்திலேயே வாழ்க்கைப்பட்டு, கும்பகோணத்திலேயே கண்ணை மூடியவள். ஆகையால் அவளுடைய ஆயுளுக்கு அளவுகோல் மாமாங்கம்.

"ரௌத்திரி வருஷத்து மாமாங்கத்தில் என் தகப்பனார் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாராம். அப்போது எனக்கு இரண்டு வயது முடிந்திருந்ததாம்" என்பாள். அதற்கு மேல் அவள் வயதுக்குச் சான்று ஒன்றும் கிடையாது. ஜாதகம் இருந்தது, அதைக் கறையான் தின்றுவிட்டது. வாக்காளர் அட்டையில் ஜனவரி மாதம் முதல் தேதி என்று யாரோ போட்டு வைத்திருந்தார்கள்.

இதனால் ஒரு சமயம் நம் வீட்டில் பெரிய சண்டையே மூண்டது. பாட்டிக்கு நூறு வயது நிறைவதைக் கொண்டாட வேண்டும் என்று பேச்சு வந்தபோது, "நூறு 2018-லேயே முடிந்துவிட்டது" என்றார் பெரியப்பா. "இல்லை, 2019-இல்தான்" என்றார் சித்தப்பா. பெரியப்பாவின் கணக்கு சுலபமானது. 2016-ஆம் வருஷத்து மாமாங்கம், பாட்டியின் ஆயுளில் ஒன்பதாவது. ஒன்பதுக்கு இடைவெளி எட்டு. எட்டுப் பன்னிரண்டு தொண்ணூற்றாறு. முன்னே ஓர் இரண்டு, பின்னே ஓர் இரண்டு கூட்டினால் நூறு.

சித்தப்பா ரெவினியூ இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். லேசில் விடுகிறவர் அல்ல. வருஷப் பெயர்களை விரல் விட்டு எண்ணினார். ரௌத்திரியிலிருந்து ஆங்கீரஸ பன்னிரண்டு. ஆங்கீரஸவிலிருந்து தாரண பன்னிரண்டு. தாரணவிலிருந்து மன்மத பதினொன்றுதான்! உண்மையும் அதுவே. 1945-க்குப் பிறகு மாமாங்கம் 1956-லேயே வந்துவிட்டது. வியாழன் சிம்ம ராசியில் நிற்கும்போது மாசி மாதத்து மக நக்ஷத்திரமும் பௌர்ணமியும் கூடும் நாளே மாமாங்கம் அல்லவா? வியாழன் ராசிச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வர முழுப் பன்னிரண்டு வருஷம் ஆவதில்லை. பதினொரு வருஷமும் சுமார் பத்து மாதமுமே ஆகிறது. அந்தக் குறை சேர்ந்து சேர்ந்து, ஏழு சுற்றுக்கு ஒரு தடவை ஒரு வருஷத்தை விழுங்கிவிடுகிறது.

இரு பிள்ளைகளும் எண்பதை நெருங்கிய பிராயத்தில் இப்படி வழக்காடுவதை ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, "இரண்டு வருஷமும் பாயசம் வையுங்களேன், நான் வேண்டாமென்றா சொன்னேன்?" என்றாள். அப்படியே வைத்தோம்.

பாட்டியின் இந்தக் கணக்குப் புத்தி எங்கிருந்து வந்தது என்று நாம் யோசித்ததுண்டு. பள்ளிக்கூடத்தில் அவள் கற்றது கொஞ்சம்தான். ஆனால் வீசம், மாகாணி, அரைக்கால் என்று தகப்பனார் திண்ணையில் வைத்துச் சொல்லிக் கொடுத்த கீழ்வாய் இலக்கம் கடைசி வரையில் மனப்பாடமாய் இருந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்த பிறகும் கீரைக்காரியிடம் அணாவில்தான் பேரம் செய்வாள். கொடுக்கும்போது மட்டும் மனத்துக்குள் மாற்றிக்கொள்வாள். கீரைக்காரிக்குக் காலணா நஷ்டம் வந்ததாகப் புகார் இல்லை.

பள்ளிக்கூடம் நின்று போன கதையை அவள் அதிகம் சொல்லமாட்டாள். நாமே கேட்டுக் கேட்டு வாங்கியது அது. பெண்களுக்குப் பதினான்கு வயதுக்கு முன் விவாகம் செய்யக்கூடாது என்னும் சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறியது. ஆனால் அது அமலுக்கு வந்தது 1930 ஏப்ரல் முதல் தேதி. நடுவில் கிடைத்த ஆறு மாத அவகாசத்தில் தேசமெங்கும் எத்தனை வீடுகளில் பந்தக்கால் நட்டார்கள் என்பதைச் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். குழந்தைகளைக் காப்பதற்கென்று வந்த சட்டமே, வருகிற வழியில் அத்தனை குழந்தைகளுக்குத் தாலி கட்டிவிட்டது. நம் பாட்டிக்கும் அந்த வருஷம் மாசி மாதத்தில் கல்யாணம். வயது பதினொன்று. கல்யாணம் முடிந்த மறு வாரம் அவளுடைய சிலேட்டு தம்பியிடம் போய்விட்டது.

"உன் தகப்பனார் மேல் உனக்குக் கோபம் இல்லையா?" என்று ஒரு நாள் கேட்டோம்.

"என்ன கோபம்? சட்டம் வந்துவிட்டால் நல்ல இடம் கைவிட்டுப் போய்விடுமே என்று பயந்தார். என் நன்மைக்குத்தான் செய்தார்" என்றாள் பாட்டி. சற்று நேரம் கழித்து, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள்.

அதே ஏப்ரல் மாதத்தில் கும்பகோணத்து வீதி வழியே வேறோர் ஊர்வலம் சென்றது. ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, உப்பெடுப்பதற்காக வேதாரண்யம் நோக்கிப் போனார்கள். அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் இடம் கொடுக்கிறவர்களுக்கும் தண்டனை உண்டு என்று தஞ்சை ஜில்லாக் கலெக்டர் உத்தரவிட்டிருந்தார். ஜனங்கள் சோற்று மூட்டைகளை வழிநெடுக மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்பது பிரசித்தம். பாட்டி அந்த ஊர்வலத்தைப் பார்த்தாள். ஆனால் ஜன்னல் கம்பி வழியாக. கல்யாணமான பெண் வாசலில் நிற்கக்கூடாது என்று அவளுடைய அத்தை சொல்லிவிட்டாளாம். "பாட்டு மட்டும் நன்றாகக் கேட்டது" என்பாள்.

புகுந்த வீட்டில் தாத்தா பத்திரிகை வாங்குகிறவர். பாட்டி அதை அடுப்பங்கரையில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கி, நாளடைவில் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து பைண்டு செய்யும் அளவுக்கு வந்துவிட்டாள். அந்தப் படிப்பு ஒரு தடவை நல்ல சமயத்தில் உதவியது. முதல் பொதுத் தேர்தலுக்காக வாக்காளர் ஜாபிதா எடுக்க ஒரு குமாஸ்தா வீடு வீடாக வந்தார். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டும் சொல்லித் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாததால், முக்கியமாக வட மாகாணங்களில், சுமார் 28 லக்ஷம் ஸ்திரீகளின் பெயர்கள் அந்த ஜாபிதாவில் ஏறாமல் போயின. நம் பாட்டி தன் பெயரைக் கணீரென்று சொன்னாள். ஆனால் புருஷன் பெயர் என்ன என்று குமாஸ்தா கேட்டதும் திகைத்துப் போனாள். அந்தக் காலத்தில் அதை வாயால் சொல்லுவதுண்டா? வீட்டில் வேறு யாரும் இல்லை. பாட்டி உள்ளே போய்க் கோலமாவை எடுத்து வந்து, திண்ணையில் தாத்தாவின் பெயரை இனிஷியலோடு எழுதிக் காட்டினாள்.

1952 ஜனவரியில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். அப்போது ஒவ்வோர் அபேக்ஷகருக்கும் ஒரு தனிப் பெட்டி. சின்னத்தைப் பார்த்துச் சீட்டை உள்ளே போட வேண்டும். "எந்தப் பெட்டியில் போட்டாய்?" என்று தாத்தா கேட்டதற்கு, "மூடியிருந்த பெட்டியில்" என்றாளாம். அதன் பிறகு 2019 வரையில் நடந்த பதினாறு பார்லிமெண்டுத் தேர்தல்களில் ஒன்றையும் அவள் விட்டதில்லை. எந்தப் பெட்டி என்பதும் கடைசி வரையில் வெளியே வரவில்லை.

இனி, நமக்குச் சொல்லப் பிரியமில்லாத விஷயத்துக்கு வருகிறோம்.

1992-ஆம் வருஷம் பிப்ரவரி 18-ஆம் தேதி மாமாங்கம். பாட்டிக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. நாம் சென்னையிலிருந்து விடுமுறையில் வந்திருந்தோம். இரண்டு நாள் முன்னதாகவே பாட்டி ஒரு துணிப்பையில் மாற்றுப் புடவை, மஞ்சள், ஒரு சொம்பு எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். மாமாங்கக் குளம் ஆறு ஏக்கருக்குச் சற்று அதிகம். சுற்றிலும் பதினாறு மண்டபங்கள். குளத்துக்குள்ளே இருபது தீர்த்தக் கிணறுகள். சாதாரண நாளில் பார்த்தால் விசாலமாகத்தான் இருக்கும். ஆனால் அன்று ஊருக்குள் வந்து குவிந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்ததும் நமக்கு வயிற்றைக் கலக்கியது.

"இந்தத் தடவை வேண்டாம், பாட்டி" என்றோம்.

"வேண்டாம் என்று யார் சொல்கிறது? நீயா, குளமா?" என்றாள்.

நாம் வாதாடவில்லை. முதல் நாள் இரவு அவள் தூங்கிய பிறகு அந்தப் பையை எடுத்துப் பரணில் வைத்துவிட்டோம். ஏணியையும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ச் சாத்தினோம். விடியற்காலையில் பாட்டி பையைத் தேடினாள். பிறகு அண்ணாந்து பரணைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் கொல்லைக் கிணற்றடிக்குப் போய் நாலு வாளி தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் செய்தி வந்தது. குளக்கரையில் நெரிசல், நாற்பது பேருக்கு மேல் மாண்டு போனார்கள். வீதியெல்லாம் அழுகுரல். நாம் ஓடோடியும் பாட்டியிடம் சென்று, "பார்த்தாயா? நான் தடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்?" என்றோம். அதைச் சொன்னபோது நம் குரலில் பெருமிதம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாட்டி, செத்துப்போனவர்களுக்காக அழுதாள். அன்று சாப்பிடவில்லை. சாயங்காலம், "அந்தப் பையை இறக்கிக் கொடு. புடவை மடிப்பு மக்கிப் போய்விடும்" என்றாள். அவ்வளவுதான்.

நாம் செய்தது சரிதானே என்று கேட்கிற நேயர்கள் இருப்பார்கள். நாமும் அநேக வருஷங்கள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தோம். அவளுடைய உயிர் நமக்குப் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் பையைப் பரணில் வைத்தபோது நெரிசல் நேரும் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை; பயந்தோம், செய்தோம். 1930-இல் அவள் தகப்பனார் செய்ததும் அதுவே. இருவரும் அவளுடைய நன்மைக்கே செய்தோம். இருவருமே அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2004-இல் மார்ச் 6-ஆம் தேதி மாமாங்கம் வந்தது. பாட்டிக்கு எண்பத்தைந்து. பத்து நாள் முன்பே சென்னைக்கு டெலிபோன் செய்து, "உன்னைக் கேட்கவில்லை, சொல்கிறேன்; நான் போகப் போகிறேன்" என்றாள். நாம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனோம். குளத்தில் முழங்காலுக்கு மேல்தான் ஜலம் இருந்தது. முக்கி எழுந்தவள் நம் தலையிலும் ஒரு சொம்பு ஊற்றினாள்.

2016-இல் விழா பிப்ரவரி 13 முதல் 22 வரை நடந்தது. மகத்தன்று கூட்டத்தில் அவளைக் கொண்டுபோக இயலாது. என்ன செய்யலாம் என்று இந்தத் தடவை அவளிடமே கேட்டோம். "நடுவில் ஒரு நாள் விடியற்காலையில் போவோம். குளம் எங்கேயும் போய்விடாது" என்றாள். செவ்வாய்க்கிழமை காலையில் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். இருவர் தாங்கி இறக்க, கடைசிப் படியில் உட்கார்ந்தபடியே ஸ்நானம் செய்தாள். வடகரையில் காசி விசுவநாதர் கோயிலில் நவ கன்னியரைத் தரிசித்துவிட்டுத் திரும்பும்போது கடைத்தெருவில் காபி கேட்டாள். குடித்துவிட்டு, "சிக்கரி அதிகம்" என்றாள்.

2020-ஆம் வருஷம் தை மாதத்தில், இரவு ரஸஞ்சாதம் சாப்பிட்டுப் படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை. மரணப் பதிவுக்காக வயது கேட்டபோது பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நூறு என்றே போடுங்கள்" என்றார் பெரியப்பா. அண்ணன் தம்பிக்கு விட்டுக் கொடுத்ததை நாம் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பதின்மூன்றாம் நாள் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பைண்டு செய்த தொடர்கதைகளுக்கு அடியில், சிவப்புத் துணி அட்டை போட்ட நீளக் கணக்குப் புஸ்தகம் ஒன்று இருந்தது. பால் கணக்கும் வெற்றிலைக் கணக்கும் போக, கடைசிப் பக்கத்தில் மாமாங்கக் கணக்கு. வருஷத்துக்கு ஒரு வரி.

ரௌத்திரி: அப்பா தோளில். ஞாபகம் இல்லை. ஆங்கீரஸ: மாமியாருடன். ஒரு மெட்டி குளத்தில் போயிற்று. தாரண: யுத்தம். ரேஷன் அரிசி. வந்தவர்கள் 14 பேர். மன்மத: குழந்தைகளுடன். பிலவங்க: அவருடன். சித்தார்த்தி: தனியாக.

அதற்கு அடுத்த வரியைப் படிக்குமுன் நமக்குக் கை நடுங்கியது. பிரஜோற்பத்தி: போகவில்லை. பேரன் பயந்தான்.

அவ்வளவே எழுதியிருந்தாள். பையைப் பற்றியும் பரணைப் பற்றியும் ஒன்றும் இல்லை.

சுபானு: போனேன். அதற்குக் கீழே மறுபடியும் மன்மத. அறுபது வருஷச் சக்கரம் ஒன்று முழுதும் சுற்றி அதே பெயரில் வந்து நின்றிருந்தது. அந்த வரி மட்டும் நம் பெண்ணின் கையெழுத்து. பாட்டிக்கு அப்போது விரல் பிடிக்கவில்லை. கொள்ளுப்பேத்தியை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுதச் செய்திருக்கிறாள். "உட்கார்ந்தபடி. நன்றாக இருந்தது."

புஸ்தகம் இப்போது நம் பெண்ணிடம் இருக்கிறது. அடுத்த மாமாங்கம் 2028-இல். அந்த வருஷத்துக்குத் தமிழ்ப் பெயர் என்ன என்று பஞ்சாங்கத்தில் பார்த்து இப்போதே எழுதி வைத்துவிட்டாள்.