கழுத்துக் கட்டியும் பருத்திச் சுளையும்

கழுத்தில் கட்டி தென்பட்டால் கரிசல் பக்கம் முதலில் வருகிற பேச்சு, "நெறி கட்டியிருக்கும்" என்பதுதான். பெரும்பாலும் அது சரி. தொண்டைப் புண்ணுக்கோ சொத்தைப் பல்லுக்கோ வீங்கிய நிணநீர் முடிச்சு சில வாரங்களில் வடிந்துவிடும். வடியாவிட்டால் காசநோய், தைராய்டு, புற்றுநோய் என்று மருத்துவர் வரிசையாகத் தேடுவார். வலியில்லாமல் வருஷக்கணக்கில் மெல்ல வளரும் கட்டி, அபூர்வமாக நரம்பிலிருந்தே கிளம்பியிருக்கும். அதுதான் ஷ்வானோமா.

மின்கம்பிக்கு ரப்பர் உறைபோல நரம்பிழைகளைப் பொதிந்திருப்பவை ஷ்வான் செல்கள். 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் தியோடர் ஷ்வானின் பெயர் அவற்றுக்கு. அந்தச் செல்கள் அளவு மீறிப் பெருகுவதால் வரும் கட்டி இது. பெரும்பாலும் புற்றாக மாறுவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க முதல் கருவி விரல். கட்டியைப் பிடித்து அசைத்தால் இடவலமாக அசையும். நரம்பு நீளவாக்கில் இழுத்துப் பிடித்திருப்பதால் மேலும் கீழும் அசையாது. அழுத்தியதும் இருமல் வந்தால், குரல்வளைக்குக் கிளை அனுப்பும் வேகஸ் நரம்பின்மேல் சந்தேகம் வலுக்கும். எம்.ஆர்.ஐ. படம் இன்னும் தெளிவாகச் சொல்லும். கழுத்தின் பெரிய தமனிக்கும் சிரைக்கும் நடுவே வேகஸ் ஓடுகிறது; அதில் வளர்ந்த கட்டி இரண்டையும் விலக்கிவிடும். பின்னாலிருக்கும் பரிவு நரம்பில் (சிம்பதெட்டிக்) வளர்ந்தால் இரண்டையும் சேர்த்து முன்னே தள்ளும்.

அறுவையில்தான் கைப்பக்குவம். வெடித்த காயிலிருந்து பருத்தி எடுப்பவர் தோட்டைச் செடியிலேயே விட்டுச் சுளையை மட்டும் உருவுவார். இங்கும் அப்படித்தான். நல்ல நரம்பிழைகள் கட்டியின் உறைமேல் விரிந்து கிடக்கும். மெல்லிய மின்தூண்டல் கொடுத்து இழையில்லாத இடத்தைத் தேடி, நீளவாக்கில் கீறி, உள்ளிருக்கும் கட்டியை மட்டும் பெயர்த்தெடுக்கிறார் மருத்துவர். உறையும் இழைகளும் அங்கேயே தங்கும். நரம்போடு சேர்த்து வெட்டினால், வேகஸ் என்றால் குரல் கம்மும். பரிவு நரம்பு என்றால் அந்தப் பக்கக் கண்ணிமை தாழும். இழைகளைக் காத்தாலும் சிலருக்கு இவை வரலாம். ஆனால் மீளும் வாய்ப்பு கூடும். வளராத சிறு கட்டியை, குறிப்பாக முதியவர்களுக்கு, அறுக்காமல் கண்காணிப்பதும் உண்டு.

ஆகவே சில வாரங்கள் தாண்டியும் கழுத்துக் கட்டி வடியாவிட்டால், சுண்ணாம்பு தடவிக் காத்திருக்க வேண்டாம். யாரிடமும் கீறிக்கொள்ளவும் வேண்டாம். கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். பெரிய சிகிச்சை தேவையென்றால் திருநெல்வேலியிலும் மதுரையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அறுவைக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "இது எந்த நரம்பு ஐயா?"