நீரும் மீனும்: கொட்டகுடி ஆற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

சங்கச் செய்யுட்களில் மீன்களின் பெயர்கள் பல பயில்கின்றன. அயிரை, ஆரல், வாளை, வரால், கயல், கெண்டை, கெளிறு என அவை விரியும். ஆயின் உரைக்குறிப்புகளிலும் அருஞ்சொல் பட்டியல்களிலும் இவற்றுட் பலவற்றிற்கு 'ஒருவகை மீன்' என்னும் விளக்கமே கிடைக்கின்றது. முதுகலை வகுப்பில் அகநானூறு பாடம் சொல்லுங்கால் மாணவர் ஒருவர், "ஒருவகை என்றால் எவ்வகை?" என வினவினார். யாம் உடனே விடை கூற இயலாது நின்றோம். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

இத்துறையில் முன்னோர் செய்த பணி சிறிதன்று. பிரான்சிசு டே என்பார் 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில் தமிழ்ப் பெயர்களையும் குறித்துச் சென்றார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) பல மீன்களுக்கு அறிவியற் பெயரையும் தந்தது. எனினும் ஒரு மீன் எந்நீரில் வாழ்வது, எங்ஙனம் மூச்சுவிடுவது, எப்பொழுது இடம் பெயர்வது என்பன அகராதியில் அரிதாகவே இடம் பெறுகின்றன. மீனின் உடலமைப்பும் இயக்கமும் அது வாழும் நீருக்கேற்ப அமைந்தவை. ஆதலின், செய்யுளில் வரும் நீரை நோக்காது மீனை மட்டும் நோக்கின் பொருள் முற்றுப்பெறாது. இதனை நிறுவுதலே எம் நோக்கம்.

இலக்கணத்தார் வகுத்த நீர்

தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்து நீரைத் தனியே எடுத்தோதவில்லை. பிறவற்றையும் சேர்த்துக்கொள்ள இடம் தந்து அமைந்தார். பின்வந்த நாற்கவிராச நம்பி தம் அகப்பொருள் விளக்கத்தில் கருப்பொருளைப் பதினான்காக விரித்து, நீரையும் அவற்றுள் ஒன்றாக்கினார். குறிஞ்சிக்கு அருவிநீரும் சுனைநீரும், முல்லைக்குக் கான்யாறும், மருதத்திற்கு ஆறும் கிணறும் பொய்கையும் உரியன என்பது அந்நூல் வழி வந்த மரபு.

இப்பாகுபாடு வெறும் பெயர் வேறுபாடன்று. அருவிநீர்க்கும் பொய்கைநீர்க்கும் இடையே மூன்று வேறுபாடுகள் உள. ஒன்று, நீரின் விரைவு, இரண்டு, வெப்பநிலை, மூன்று, நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியின் அளவு. மீனின் வாழ்வை வரையறுப்பனவும் இம்மூன்றே. மீன் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் உயிர் அன்று. நீர் வெம்மையுறின் அதன் உடலும் வெம்மையுறும். உடலின் செயல்கள் விரையும். உயிர்வளித் தேவை மிகும். நீரின் இயல்போ இதற்கு மாறானது. கடல்மட்டக் காற்றழுத்தத்தில் 20 பாகை செல்சியசு வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கொள்ளும். 30 பாகையில் 7.5 மில்லிகிராமே கொள்ளும். தேவை மிகும்பொழுது இருப்புக் குறைகின்றது. இந்நெருக்கடிக்கு ஒவ்வொரு மீனும் கண்ட தீர்வே அதன் உடல் எனலாம்.

இம்மூவகை நீரையும் ஒருநாள் நடையில் காணத்தக்க இடம் போடிநாயக்கனூர்ப் பகுதி. ஊர் மலையடிவாரத்தில் உள்ளது. மேற்கே ஏலக்காய் விளையும் மலைகள் அதனினும் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர்ந்து நிற்கின்றன. குரங்கணிப் பக்கத்துச் சரிவுகளில் ஓடைகளாய்த் தோன்றும் கொட்டகுடி ஆறு போடியை அடுத்து ஓடிச் சமவெளியின் கண்மாய்களை நிரப்பி, தேனிப் பக்கத்தில் பிற ஆறுகளொடு கூடி வையையைச் சேர்கின்றது. மேலிருந்து கீழாக இதனைப் பின்பற்றுவோம்.

அருவிநீர்

மலைச்சரிவின் ஓடையில் நீர் பாறைமேல் மோதிச் சிதறுகின்றது. காற்றொடு கலந்து உயிர்வளி நிறைகின்றது. நிழலும் உயரமும் அதனைத் தண்ணிதாக வைக்கின்றன. அங்கு மூச்சுக்குக் குறைவில்லை. நிலைத்து நிற்பதே அரிது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் 'கர்ரா' இனத்து மீன்கள் இதற்குத் தக்க சான்று. அவற்றின் வாயின் கீழ்ப்புறம் வட்டமான ஒட்டுறுப்பாக அமைந்துள்ளது. வயிறு தட்டையானது, மார்புத் துடுப்புகள் பக்கவாட்டில் விரிந்து பாறையொடு படிகின்றன. பிற மீன்களை மிதக்கச் செய்யும் காற்றுப்பை இவற்றிற் சுருங்கியுள்ளது. மிதந்தால் வெள்ளம் அடித்துச் செல்லுமன்றோ? விரைநீரில் வாழும் இத்தகைய உயிர்களின் பற்றுறுப்புகளை விரிவாக ஆராய்ந்து 1930இல் இலண்டன் ராயல் கழகத்தின் வாயிலாக வெளியிட்டவர் சுந்தர் லால் ஹோரா என்னும் இந்திய உயிர்நூல் அறிஞர்.

குருதியும் நீர்க்கேற்ப வேறுபடும். 1919இல் குரோ, லைச் என்னும் இருவர் மீன்களின் குருதியை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். கெண்டை, விலாங்கு போன்றவற்றின் குருதி, உயிர்வளி குறைந்த நீரிலும் அதனை எளிதிற் பற்றிக்கொள்ளும். டிரௌட் மீனின் குருதிக்கோ நிறைந்த உயிர்வளி வேண்டும் என அவர்கள் கண்டனர். நீலமலையில் அவலாஞ்சியில் 1907இல் டிரௌட் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அயல்நாட்டு மீனாகிய அது குளிர்ந்த மலைநீரில் நிலைபெற்றதேயன்றிச் சமவெளிக்கு இறங்கவில்லை. மதில் எதுவும் அதனைத் தடுக்கவில்லை. நீரின் வெப்பமே தடுத்தது.

ஆற்றுநீர்

சரிவு தணிந்து ஆறு மணலிற் பரவும் இடத்தில் மீனின் இயக்கம் வேறாகின்றது. ஓடும் நீரில் மீன் தலையை நீர் வரும் திசை நோக்கி வைத்து நிற்கும். நீரின் அழுத்தத்தையும் அதிர்வையும் உணர்தற்கு அதன் உடலின் இருமருங்கும் நுண்ணுறுப்புகள் நிரலாக அமைந்துள்ளன. இதனைப் பக்கக்கோடு என்பர். கெண்டை, கெளுத்தி முதலிய இனங்களில் காற்றுப்பையையும் உட்செவியையும் இணைக்கும் சிற்றெலும்புகளும் உள. ஆதலின் நீரில் விழும் சிறு பொருளின் ஓசையும் அவற்றிற்கு எட்டும்.

இச்செய்தி குறுந்தொகையின் எட்டாம் செய்யுளுக்கு ஒளி தருகின்றது. வயலோரத்து மாமரத்திலிருந்து முதிர்ந்து விழும் பழத்தைப் பழனத்து வாளை கவ்வுவதாக ஆலங்குடி வங்கனார் பாடினார். வாளை ஊனுண்ணும் மீனாயிற்றே, அது பழத்தைக் கவ்வுமோ என்று ஐயுறுவார் உண்டு. ஆற்றுவாளை தன் நீண்ட மீசையாலும் நீரதிர்வாலும் இரையை உணர்வது. விழுந்தது யாதென ஆராயுமுன் அதிர்வு வந்த திசையிற் பாய்ந்து கவ்வுதல் அதன் இயல்பொடு பொருந்துவதே. புலவர் கூறியது கவ்வுதலை. சுவைத்து உண்டதை அன்று. முயலாது பெறும் தலைவன் என்னும் உள்ளுறையோடு, வந்தது எதுவாயினும் பற்றும் தலைவன் என்னும் குறிப்பும் இதனாற் பெறப்படும் எனக் கருத இடமுண்டு.

இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. இன்று கடற்கரை ஊர்களில் வாளை என வழங்குவது நாடாப் போன்ற நீண்ட கடல்மீன். பெயர் ஒன்று, மீன் இரண்டு. செய்யுளில் எது என்று முடிவு செய்வது பழனம் என்னும் நீர்ச்சொல்லேயன்றி மீன்பெயர் அன்று.

புதுப்புனலும் மீனை இயக்குவதே. வடகிழக்குப் பருவமழை பெய்து வெள்ளம் வருங்கால் நீர் குளிரும், கலங்கும், கரையேறும். கெண்டை இனங்கள் பலவற்றிற்கு இம்மாற்றம் முட்டையிடுதற்கு உரிய அறிகுறியாகும். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி அதனால் தூண்டப்படுகின்றது. 1957இல் கட்டாக்கில் ஈராலால் சௌதுரி அச்சுரப்பியின் சாற்றைச் செலுத்தி, ஆற்றுவெள்ளம் இன்றியே கெண்டைகளை முட்டையிடச் செய்தார். வெள்ளம் செய்யும் வேலை யாது என்பது அதனால் தெளிவாயிற்று. பரிபாடலில் வையைப் புதுப்புனலை மக்கள் விழவாகக் கொள்ளக் காண்கின்றோம். மீனுக்கும் அஃது இனம் பெருக்கும் காலமாகும்.

பொய்கைநீர்

சமவெளியின் கண்மாயில் நீர் நிற்கின்றது; வெயிலில் வெம்மையுறுகின்றது. பகலில் நீர்ச்செடிகள் உயிர்வளியை வெளியிடும். இரவில் அவையும் அதனையே நுகரும். அடியிற் சேறு அழுகி மேலும் குறைக்கும். விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்திற்கு வந்து வாய் பிளந்து நிற்பதை இவ்வூர்க் கண்மாய்களிலும் காணலாம். அது விளையாட்டன்று, மூச்சுக்குத் திணறுதல்.

இந்நீரில் வெல்லுவது வரால். அதன் செவுளுக்கு மேலே காற்றறைகள் உள. அது நீர்மட்டத்திற்கு வந்து காற்றை நேரே விழுங்கும். வளர்ந்த வராலை மேலே வரவொட்டாது தடுப்பின் நீருக்குள்ளேயே இறந்துபடும். ஒரு லிட்டர் காற்றில் உள்ள உயிர்வளி, அதே அளவு நீரில் உள்ளதைவிட முப்பது மடங்குக்கும் மேலாகும். ஆதலின் கண்மாய் வற்றினும் அது ஈரச்சேற்றில் உயிர் தாங்கும். அகநானூற்று முப்பத்தாறாம் செய்யுளில் மதுரை நக்கீரர் தூண்டில் இரையைப் பற்றிய வராலைக் காட்டுகின்றார். அது துள்ளும்பொழுது கிழிவது ஆம்பல் இலை. சிதைவது குவளை மலர். குழம்புவது வள்ளைக் கொடி. மூன்றும் நிற்கும் நீரின் செடிகள்; அருவியில் வளரா. 'ஒருவகை மீன்' என உரை நின்றுவிட்ட இடத்தில் செய்யுளே மீனின் வாழ்விடத்தை விளங்க வைத்துள்ளது. அம்மீனுக்குப் புலவர் பல வரிகளையும் கூறுகின்றார்; அறிவியலார் இட்ட 'ஸ்ட்ரையேட்டா' என்னும் இலத்தீன் பெயரும் 'வரியுடையது' என்னும் பொருளதே.

அயிரை மணலில் புதையும் சிறுமீன். குறுந்தொகை 178ஆம் செய்யுள் அதனை ஆம்பல் பூத்த பழனத்தில் வைக்கின்றது. இதன் இனத்துள் சில, விழுங்கிய காற்றிலிருந்து குடல்வழி உயிர்வளியைப் பெறும். இதன் அறிவியற் பெயரில் 'தெர்மாலிசு' என்னும் சொல் வருவதற்குக் காரணம், இலங்கையில் கன்னியா வெந்நீர் ஊற்றில் எடுத்த மீனைக்கொண்டு இது 1846இல் விளக்கப்பட்டமையே. வெம்மை தாங்கும் வன்மை பெயரிலேயே பதிந்துள்ளது.

பனையேறிக்கெண்டையின் பெயர் இதனினும் சுவையுடையது. தரங்கம்பாடியில் இருந்த தேனிய அலுவலர் தால்தோர்ப் என்பார், குளத்தருகே பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் இம்மீனைப் பிடித்ததாக எழுதிய குறிப்பு 1797இல் இலண்டனில் வெளியாயிற்று. பறவைகள் கவ்விச் சென்று மரத்தில் விட்டவையாகலாம் எனப் பின்வந்தோர் கருதினர். ஆயினும் செவுள்மூடியின் முட்களை ஊன்றி ஈரநிலத்தில் ஊர்ந்து செல்லுதல் இம்மீனுக்கு இயலும். இனவகையால் இது கெண்டையும் அன்று. பெயர் இட்டவர் அதன் இனத்தை நோக்கவில்லை, இயக்கத்தை நோக்கினர்.

சொல்லும் மீனும்

இதுகாறும் கூறியவற்றால், திணைதோறும் நீர் வேறாதலும், நீர்தோறும் மீன் வேறாதலும் விளங்கும். இவ்வுறவு இன்று பல இடங்களில் அறுந்து வருகின்றது. தடுப்பணைகளும், 1959இல் திறக்கப்பெற்ற வையை அணையும் வேளாண்மைக்கு நலம் செய்தன; ஆயின் ஆற்றில் ஏறியும் இறங்கியும் வாழும் மீனுக்கு அவை சுவராயின. கடலிற் சென்று இனம் பெருக்கும் விலாங்குக்கு இத்தடை மிகப் பெரிது. மலைத்தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிக்கொல்லிகள் மழைநீரொடு ஓடை சேரின், மீனின் நரம்பையும் செவுளையும் தாக்கி நீந்தும் முறையையே குலைக்க வல்லன. 1952இல் இந்தியாவிற்குக் கொணரப்பெற்ற திலேப்பியா உயிர்வளி குறைந்த நீரையும் தாங்கிப் பெருகிற்று. மக்கள் அதற்கு 'ஜிலேபிக் கெண்டை' எனப் பெயரிட்டுக்கொண்டனர். புதுமீன் வந்தது, புதுச்சொல் பிறந்தது. பழமீன் அருகின் பழஞ்சொல்லும் அகராதியில் மட்டுமே எஞ்சும். பின்னர் 'ஒருவகை மீன்' என்பதனினும் மிகுதியாக எவரும் உரைத்தல் இயலாது.

ஆதலின் முதுகலை மாணவர்க்கு ஒன்று கூற விரும்புகின்றோம். குரங்கணி ஓடை முதல் போடிக் கண்மாய் வரை மீன் பிடிப்போரிடம் சென்று, ஒவ்வொரு மீனுக்கும் பெயர், நீர், இயல்பு என்னும் மூன்றையும் எழுதிக்கொள்ளுக. அவற்றைச் செய்யுட்களில் அம்மீன் வரும் நீரோடு ஒப்பிட்டுக் காண்க. வகுப்பில் எம்மை நோக்கி எழுந்த வினாவிற்கு நூலகம் பாதி விடை தந்தது. மற்றப் பாதி கொட்டகுடி ஆற்றில் இருக்கின்றது. அந்நீரும் மீனும் இருக்கும்பொழுதே அதனைக் கேட்டறிதல் தமிழாய்வார் கடன்.