நயினாதீவின் ஒல்லாந்தப் பேர் தெரியுமா?

குறிகட்டுவானில் படகேறி நாகபூசணி அம்மனைக் கும்பிடப் போகிறோமே, அந்த நயினாதீவுக்கு ஒருகாலத்தில் ‘ஹார்லெம்’ என்று பேர் இருந்தது தெரியுமா? ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பேர்களையெல்லாம் நம் தீவுகளுக்குச் சூட்டிவிட்டார்கள்! காரைதீவு ஆம்ஸ்டர்டாம். வேலணை லெய்டன். புங்குடுதீவு மிடில்பர்க். அனலைதீவு ரொட்டர்டாம். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டது. 1672இல் வெளிவந்த பால்டேயஸ் பாதிரியாரின் புத்தகத்தில் இந்தப் பேர்கள் இருக்கின்றன.

இன்னொன்று தெரியுமா? அந்த ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமாருக்கு இங்கே தடை! 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேப் வாஸ் அடிகளைச் சில்லாலைச் சனங்கள்தான் ஒளித்துக் காத்தார்கள்.

அதே ஒல்லாந்த சீர்திருத்த சபையைச் சேர்ந்த ஒரு குடும்பம் அசல் ஹார்லெமில் என்ன செய்தது என்று கேளுங்கள்.

இரண்டாம் உலகப் போர். நெதர்லாந்து ஜெர்மனியின் பிடியில். பார்டெல்யோரிஸ் தெரு 19ஆம் இலக்கத்தில் கீழே மணிக்கூட்டுக் கடை, மேலே வீடு. எண்பது தாண்டிய கஸ்பர் டென் பூம். கல்யாணம் கட்டாத மகள்மார் பெட்சி, கோரி. இந்தக் கோரிதான் நெதர்லாந்தில் மணிக்கூடு திருத்த உரிமம் பெற்ற முதல் பெண்! அண்ணன் வில்லெம் பாதிரியார். யூத வெறுப்பைப் பற்றியே ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். ஹில்வர்சமில் தான் நடத்திய முதியோர் இல்லத்தில் யூதர்களை ஒளித்து வைத்தவர்.

இந்த வீட்டிலும் யூதர்களை ஒளித்து வைக்கக் கோரியின் படுக்கையறைக்குள் ஒரு பொய்ச்சுவர் எழும்பியது. செங்கற்கள் எப்படி வந்தன தெரியுமா? கைப்பெட்டிகளுக்குள்! சுவருக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற அகலம்தான். உள்ளே போக வழி, துணி அலுமாரியின் அடித்தட்டு. தவழ்ந்துதான் போகவேண்டும்.

பொம்பர் இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் பாய நம் பிள்ளைகள் பழகினார்களே, அப்படி அந்த வீட்டில் தஞ்சம் புகுந்தவர்கள் மணி அடித்ததும் சுவருக்குப் பின்னால் ஒளியப் பழகினார்கள். நடுச்சாமத்தில்கூட ஒத்திகை! எழும்பி ஓடுமுன் மெத்தையைப் புரட்டிப் போடவேண்டும். ஏன் தெரியுமா? தேட வருகிறவன் கை வைத்துப் பார்த்தால், ஆள் கிடந்த சூடு காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மெத்தைச் சூட்டில் ஓர் உயிர்! இதைப் படித்த நாளிலிருந்து என்னால் இதை மறக்க முடியவில்லை.

1944 பெப்ரவரி 28. காட்டிக்கொடுப்பு. சோதனை. அன்று அங்கே ஜெபக்கூட்டம் நடத்த வந்திருந்த வில்லெமும் உட்படக் குடும்பமே கைதானது. சுவருக்குள் நின்ற ஆறு பேரை மட்டும் கண்டுபிடிக்கவே முடியவில்லை! நான்கு யூதர், இரண்டு எதிர்ப்பியக்கத்தினர். சோறு தண்ணீர் இல்லாமல் கிட்டத்தட்ட இரண்டு நாள் நின்று, தப்பினார்கள்.

கஸ்பர் பத்தே நாளில் சிறையில் போய்விட்டார். பெட்சி ராவன்ஸ்புரூக் முகாமில். சிறையில் பிடித்த நோயோடு வந்த வில்லெம் 1946இல். அவருடைய மகன் கிக்கும் முகாமிலிருந்து திரும்பவில்லை. உயிரோடு வந்த கோரி, உலகமெல்லாம் போய் இதைச் சொன்னார். அந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

இப்போது நம் ‘லெய்டனுக்கு’ வாருங்கள். வேலணைத் தீவின் அல்லைப்பிட்டி, 2006 ஆகஸ்ட் 13. புனித பிலிப்பு நேரியார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த சனங்கள்மேல் ஷெல் விழுந்தது. பலர் மாண்டார்கள். பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகள் காயப்பட்டவர்களுக்காக ஓடினார். மிஞ்சியவர்கள் ஊர்காவற்றுறை போய்ச் சேர உதவினார். ஒரே வாரம். ஆகஸ்ட் 20ஆம் திகதி அல்லைப்பிட்டிக்குப் போனவரும் கூடப் போனவரும் காணாமல் போனார்கள். தேடியவர்களுக்கு இன்னும் பதில் வரவில்லை.