கூரையிலிருந்து பின்னிருக்கைக்கு

1954, 55ஆம் ஆண்டுகளில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருந்தது ஒரு மூவர் குழு. பாடியவர் எல்விஸ் பிரெஸ்லி. கிட்டார் ஸ்காட்டி மூர். பேஸ் பில் பிளாக். மூவரும் ஒரே காரில் போனார்கள். கிட்டார்களும் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பும் உள்ளே ஏதோ ஒரு மூலையில் இடம் பிடித்துக்கொண்டன. பில் பிளாக்கின் டபுள் பேஸ் மட்டும் கூரைமேல் கட்டப்பட்டுப் பயணம் செய்தது. அன்றைய அமெரிக்கக் கார்கள் சின்னவை அல்ல. டபுள் பேஸ் அவற்றுக்குள்ளும் அடங்காத அளவு பெரியது. நிமிர்த்தி வைத்தால் ஏறக்குறைய 180 சென்டிமீட்டர், ஓர் ஆளின் உயரம்.

கூரைமேல் போகும் வாத்தியத்துக்கு எதிரிகள் பலர். மழை, எதிர்க்காற்று, தாழ்ந்த மரக்கிளை, வழியில் தளரும் கயிறு. டபுள் பேஸின் உட்புறம் வெறும் காற்று, மேல்பலகை மெல்லியது, ஓரங்களைப் பிடித்திருப்பது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரம். ஈரமும் வெப்பமும் கூடினால் அந்த வஜ்ஜிரம் இளகும். உள்ளே, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கீழே சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சி நிற்கிறது. அதற்கு ஒட்டும் இல்லை, ஆணியும் இல்லை. தந்திகளின் அழுத்தம்தான் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. பாதுகாப்பு என்று நினைத்துத் தந்திகளை முழுக்கத் தளர்த்தினால் பிரிட்ஜ் சாயும், அந்தக் குச்சியும் விழும். பில் பிளாக்கினுடையது சிகாகோவின் கே கம்பெனி ஒட்டுப்பலகையில் செய்த பேஸ். நாதத்தில் குறை சொல்பவர்கள் உண்டு. அடிபடுவதற்கு அதுதான் நல்லது.

ஆனாலும் அந்தக் கூரை ஏற்பாட்டில் ஒரு பத்திரம் இருந்தது. டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு யாரும் தெருவில் ஓட முடியாது. ஓடினால் ஊரே பார்க்கும். விற்கப் போனால் கடைக்காரர் கேள்வி கேட்பார். சுமப்பதற்குக் கடினமான பொருள் திருடுவதற்கும் கடினமானது. போதாததற்கு, கூரைமேல் அது வருவதே ஒரு விளம்பரம். கார் ஊருக்குள் நுழையும்போதே இன்றிரவு கச்சேரி உண்டு என்று தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கு மாறத் தொடங்கிய ஆண்டு 1951. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், பிரிசிஷன் பேஸ் என்ற மின் வாத்தியத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். டபுள் பேஸில் தந்தியின் அதிரும் நீளம் 105 சென்டிமீட்டர் அளவில் இருந்தது. இதில் 34 அங்குலம், அதாவது 86 சென்டிமீட்டர். எடை நான்கு கிலோவுக்குச் சற்று மேலே. உட்குழிவில்லாத ஒரு மரக்கட்டை, அதில் நான்கு திருகாணிகளால் பூட்டிய மேப்பிள் கழுத்து. விலை 199 டாலர் 50 சென்ட். ஒரு பெட்டியில் அடங்கியது, பெட்டி காருக்குள் அடங்கியது. 1957 வாக்கில் பில் பிளாக்கும் ஃபெண்டருக்கு மாறினார். டபுள் பேஸ் பின்னாளில் வேறொருவர் கைக்குப் போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தாங்கும் சக்தியிலும் வித்தியாசம் உண்டு. ஃபுளோரிடாவில் இளைஞராக இருந்த ஜாக்கோ பாஸ்டோரியஸ், சேமித்து வாங்கிய டபுள் பேஸ் அந்தக் கடலோர ஈரத்தில் பிளந்து போயிருப்பதை ஒருநாள் பார்த்தார். பிறகு, கழுத்தில் பதித்த ஃப்ரெட் கம்பிகள் பிடுங்கப்பட்ட 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒன்றில் டபுள் பேஸின் வழுக்கும் ஒலியைத் தேடினார். பேஸ் கிட்டாரின் வரலாற்றையே திருப்பிய அந்த வாசிப்புக்குப் பின்னால் ஊரின் ஈரப்பதத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1950களில் பேஸுடன் வந்த பெட்டி மெல்லிய பலகை. வெளியே கெட்டித் துணி, உள்ளே பூம்பட்டு. கீறல் படாமல் காப்பதற்கு அது போதும். இடி தாங்குவதற்கு அல்ல. இடிக்கவென்றே ஒரு பொருள் விரைவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. 1969இல் ஆம்பெக் கம்பெனி எஸ்.வி.டி. என்ற 300 வாட் ஆம்ப்பை வெளியிட்டது. வால்வுகள் நிறைந்த அதன் தலைப்பெட்டி மட்டும் 40 கிலோ அளவு. எட்டு ஸ்பீக்கர் கொண்ட பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். வேன் ஒரு வளைவில் திரும்பும்போது இவை நகர்ந்தால் பக்கத்தில் இருக்கும் மெல்லிய பலகைப் பெட்டி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்து வேன்களில் பேஸுக்குப் பெரிய ஆபத்து சாலை அல்ல, சக பயணிகள்.

இன்று அதே சத்தத்தைத் தரும் ஆம்ப் இரண்டு, மூன்று கிலோவில் கிடைக்கிறது. பேஸ் பெட்டியின் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். பேஸைப் பத்திரமாகக் கொண்டுபோக எத்தனையோ உபாயங்கள் வந்துவிட்டன. ஆம்ப் இளைத்ததுபோல் பயன்பட்டது வேறு எதுவும் இல்லை என்பது என் கட்சி.

இடி ஓர் ஆபத்து என்றால் களவு இன்னொன்று. 1961இல் ஹாம்பர்க் நகரில் பால் மெக்கார்ட்னி ஒரு ஹாஃப்னர் பேஸ் வாங்கினார். வயலின் வடிவம், குழிவான உடல், கையில் எடுத்தால் எடையே தெரியாது. விலை சுமார் 30 பவுண்டு. பீட்டில்ஸின் ஆரம்பகாலப் பதிவுகளில் கேட்பது அந்த வாத்தியம்தான். 1972 அக்டோபரில் ஓர் இரவு, லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் தெருவோரம் நிறுத்தியிருந்த வேனிலிருந்து அது களவு போனது. பூட்டிய கதவைத் தவிர வேறு காவல் இருக்கவில்லை. எளிதாகத் தூக்கக்கூடிய வாத்தியம், எளிதாகத் தூக்கப்பட்டது.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அது எங்கே என்று தெரியவில்லை. ஹாஃப்னர் கம்பெனியைச் சேர்ந்த ஒருவரும் பத்திரிகையாளர் தம்பதியும் சேர்ந்து தேடலை அறிவித்த பிறகு, தென்னிங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து வெளியே வந்தது. 2024 பிப்ரவரியில் செய்தி உறுதியானது. பழைய பெட்டியும் கூடவே இருந்தது. வாத்தியத்துக்குப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் லண்டன் மேடையில் மெக்கார்ட்னி அதை மறுபடி வாசித்தார். கூரைமேல் போன பில் பிளாக்கின் டபுள் பேஸும் அவரிடம்தான் இருக்கிறது. 1970களில் மனைவி லிண்டா வாங்கித் தந்த பரிசு. மழையில் நனைந்து போனதாக நாம் கற்பனை செய்யும் வாத்தியம் பத்திரமாகக் கைமாறியது. கதவு பூட்டிய வேனுக்குள் இருந்தது தொலைந்தது.

விலைதான் இன்றைய கவலைகளுக்கெல்லாம் வேர். 1970களில் பத்து வயதான ஃபெண்டர் பேஸ் என்றால் அது பழைய வாத்தியம், அவ்வளவுதான். 1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனி சி.பி.எஸ். நிறுவனத்துக்குக் கைமாறியது. அதற்கு முந்தைய வாத்தியங்களுக்குத் தனி மதிப்பு வந்தது; இன்று நல்ல நிலையில் உள்ளவை பல ஆயிரம் டாலருக்குப் போகின்றன, அரியவை பத்தாயிரங்களைத் தாண்டுகின்றன. பல நேரங்களில் வாத்தியம் அதைச் சுமக்கும் காரைவிட விலை கூடியது.

அதனால் முறைகளும் நுணுக்கமாகிவிட்டன. வார்ப்புப் பெட்டிகள், கண்ணாடியிழைப் பெட்டிகள் வந்தன. நல்ல பெட்டியில் கழுத்து மட்டும் தாங்கலில் படிந்திருக்கும். தலைப்பகுதி எதன்மேலும் முட்டாமல் அந்தரத்தில் நிற்கும். இதற்குக் காரணம் உண்டு. ஃபெண்டரின் தலை கழுத்தின் நேர்கோட்டிலேயே, ஒரே பலகையில் வெட்டியது, சுலபத்தில் முறியாது. கிப்சன் தண்டர்பேர்ட் போன்றவற்றில் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். பெட்டி மல்லாக்க விழுந்தால் பெட்டிக்கு ஒரு கீறலும் இருக்காது, உள்ளே தலை உடைந்திருக்கும்.

தந்திகளைத் தளர்த்துவதா என்று இன்றும் வாதம் நடக்கிறது. பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளும் சேர்ந்து 70, 80 கிலோ அளவு இழுக்கின்றன. கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி அதற்கு எதிராக நிற்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டால் கழுத்து மறுபக்கம் வளையும். கார்ப் பயணத்துக்கு ஒன்றும் செய்யாமல் விடுவதே நல்லது.

காரில் எங்கே வைப்பது? பெட்டியின் நீளம் 125 சென்டிமீட்டர் அளவு. சிறிய காரின் பின்னிருக்கையில் குறுக்கே வைக்கப் பார்த்தால் கதவு மூடாது, சற்றுச் சாய்வாக வைக்க வேண்டும். இருக்கைப் பட்டையைக் கைப்பிடிக்குள் நுழைத்துப் பூட்டிவிட்டால் சடன் பிரேக்கில் பெட்டி முன்னால் பாயாது. பில் பிளாக்கின் காலத்தில் பெரும்பாலான கார்களில் மனிதர்களுக்கே பட்டை கிடையாது. டிக்கி திருடன் கண்ணுக்குத் தப்பிக்கும் இடம்; ஆனால் பின்னால் வருகிற வண்டி மோதினால் முதலில் நசுங்குவதும் அதுதான். மறைவில் வைப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. 1999 அக்டோபரில் செல்லோ மேதை யோ-யோ மா, 1733இல் மொன்டஞானா என்ற கைவினைஞர் செய்த தம் செல்லோவை நியூயார்க் டாக்சி ஒன்றின் டிக்கியில் வைத்தார், இறங்கும்போது மறந்து போனார். மதிப்பு 25 லட்சம் டாலர். அன்றே கிடைத்துவிட்டது. திருடனுக்குத் தெரியாத இடம் சொந்தக்காரர் கண்ணுக்கும் தெரியாத இடம்தான்.

வெயில் மட்டும் அன்றுபோலவே இருக்கிறது. காரின் கண்ணாடி பெருத்ததால் சற்றுக் கூடியிருக்கிறது என்றே சொல்லலாம். வெளியே 35 டிகிரி என்றால், மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50ஐத் தாண்டும். பழைய ஃபெண்டர்களின் மேல் பூசிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கு இது ஆகாது. குளிரில் கிடந்த பெட்டியைச் சூடான அறையில் சட்டெனத் திறந்தாலும் அந்தப் பூச்சில் மயிரிழை விரிசல்கள் ஓடும். பெட்டியை மூடியபடியே ஒரு மணி நேரம் அறையில் விட்டுவிட்டுத் திறப்பது வழக்கம். குளிர்நாட்டார் கவலை இது. சென்னை மே மாதத்துக்கு நிழலும், காரில் விட்டுவிட்டுப் போகாத பழக்கமும்தான் மருந்து.

களவுக்கு எதிராக இப்போது பெட்டியின் உள்துணிக்குள் ஒரு சிறு வில்லையைத் தைத்து வைக்கிறார்கள். ஆப்பிளின் ஏர்டேக் 2021இல் வந்தது. எடை 11 கிராம். பக்கத்தில் போகும் ஐஃபோன்கள் வழியே இருக்குமிடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஐம்பது ஆண்டுத் தேடல் ஒரு மாலையில் முடியலாம், பெட்டியோடு சேர்த்துத் திருடினால். பெட்டியை விட்டுவிட்டு வாத்தியத்தை மட்டும் உருவிப் போகிறவனிடம் இது செல்லாது. காப்பீடும் இருக்கிறது, ஆனால் ஆளில்லா வாகனத்தில், குறிப்பாக இரவில், விட்டுச் சென்ற வாத்தியத்துக்குப் பல பாலிசிகள் இழப்பீடு தருவதில்லை. கூரைமேல் வாத்தியத்தைக் காட்டிக்கொண்டு போன தொழிலில், இப்போது காரின்மேல் இசை சம்பந்தப்பட்ட ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டாதே என்று மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்கிறார்கள்.

வேன் நிறைய ஆட்கள் போன நாளில் சாப்பிட நிறுத்தினால் யாராவது ஒருவர் வண்டியில் இருப்பார். சாப்பிட்டவர் வந்து காவல் மாற்றிக்கொள்வார். ஆம்ப் சின்னதானதும் வேன் காரானது. காரில் வாசிப்பவர் தனியாகப் போகிறார். சென்னையிலிருந்து பெங்களூரு நிகழ்ச்சிக்கு ஓட்டிப் போகும் பேஸ்காரர் ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தினால், பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் கடைக்குள் நுழைய வேண்டும். சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது. தலை முறிகிற விபத்துகளில் பல சாய்த்து வைத்த பெட்டி சரிவதால் நேர்பவை. மேசைக்கடியில் படுக்க வைக்கலாம். மதிய நேரத்துக் கூட்டத்தில் அதற்கும் இடமில்லை என்றால், பொட்டலம் கட்டச் சொல்லிக் காரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான்.