எக்ஸ்சேஞ்ச் அறையின் பழைய கணினி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னுமாக அலுவலகக் கணினிகள் வரிசையாக விண்டோஸ் 11-க்கு மாறிவருகின்றன. கணக்கு மென்பொருள், மின்னஞ்சல், பிரின்டர் எல்லாம் ஓரிரு நாளில் வழிக்கு வந்துவிடும். முரண்டு பிடிப்பது, ரிசப்ஷனுக்குப் பின்னால், உள் போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்சான இபிஏபிஎக்ஸ் பெட்டியோடு ஒரு கேபிளில் கட்டிப்போட்ட மென்பொருள். எந்த அறையிலிருந்து எந்த எண்ணுக்கு எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று பில் போடுவது, எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்து வெளியே பேசலாம், எதிலிருந்து கூடாது என்று நிர்ணயிப்பது, எந்த லைன் காலியாக இருக்கிறது என்று ஆபரேட்டருக்குத் திரையில் காட்டுவது என்று பதினைந்து இருபது வருடமாக அது உழைத்திருக்கும். அது நின்றதும் இரண்டு யோசனைகள் வரும். "எக்ஸ்சேஞ்சையே மாத்திடுங்க சார், இதுக்கெல்லாம் இனிமே சப்போர்ட் கிடையாது" என்பார் விற்பனையாளர். "பழைய கம்ப்யூட்டரையே திரும்ப மாட்டிடலாம், ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பார் மேனேஜர். எது பழுது என்று பார்க்காமலே சொல்லப்படுகிற யோசனைகள் இவை இரண்டும். என் கட்சி வேறு. அந்தக் கணினியை அலுவலகக் கணினிகளின் கணக்கில் சேர்த்ததே தவறு. அது எக்ஸ்சேஞ்சின் ஓர் உறுப்பு. எக்ஸ்சேஞ்சுக்குக் காலம் வரும்போதுதான் அதற்கும் காலம் வர வேண்டும்.

மென்பொருள் படுத்தாலும் போன்கள் பேசிக்கொண்டேதான் இருக்கும் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். அழைப்புகளை இணைப்பது பெட்டிக்குள் இருக்கும் கார்டுகளும் அவற்றுக்கென்றே எழுதிய நிரலும்தான். 1984-ல் தொடங்கப்பட்ட அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் வடிவமைத்து, பல இந்தியத் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்த 128 போர்ட் எக்ஸ்சேஞ்சானாலும், பின்னால் வந்த வெளிநாட்டுப் பெட்டிகளானாலும் கதை இதுதான். கணினி வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வோர் அழைப்பு முடிந்ததும் பெட்டி ஒரு வரியை வெளியே தள்ளும்: தேதி, நேரம், எக்ஸ்டென்ஷன், பிடித்த வெளி லைன், டயல் செய்த எண், பேசிய நேரம். தொழிலில் இதை எஸ்எம்டிஆர் என்பார்கள். ஒன்பது பின் கொண்ட சீரியல் போர்ட் வழியாக, பெரும்பாலும் விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் வரும் வெறும் எழுத்து அது. அந்தக் கேபிளை நேரே ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் செருகி நாள் முழுதும் அடிக்க விட்ட இடங்களும் உண்டு. இன்றும் சந்தேகம் வந்தால் விவரம் தெரிந்த சர்வீஸ் இன்ஜினியர் செய்வது ஏறக்குறைய அதையேதான். விண்டோஸோடு வந்துகொண்டிருந்த ஹைப்பர்டெர்மினல் விஸ்டாவோடு போய்விட்டதால், புட்டி போன்ற இலவச டெர்மினலைத் தன் லேப்டாப்பில் திறப்பார். அதே வேகத்தை வைத்து, ஏதாவது ஓர் எக்ஸ்டென்ஷனிலிருந்து வெளியே ஒரு கால் போடுவார். ரிசீவரை வைத்ததும் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து விழுந்தால் எக்ஸ்சேஞ்சும் கேபிளும் நலம். கோளாறு விண்டோஸ் பக்கம். சில நிமிட வேலை. இதைச் செய்யாமல் லட்சக்கணக்கில் கொட்டேஷன் வாங்குவது என்ன நியாயமோ!

விண்டோஸ் பக்கம் என்றால் எங்கே? புதிய விண்டோஸ் பழைய மென்பொருளை விரட்டிவிடுகிறது என்று பரவலாக ஓர் எண்ணம் உண்டு. அதில் பாதிதான் உண்மை. பழசை ஓடவைக்க மைக்ரோசாஃப்ட் பட்ட பாடு கொஞ்சமல்ல. சிம்சிட்டி என்ற விளையாட்டில், விடுவித்துவிட்ட நினைவகத்தை மறுபடி படிக்கும் பிழை ஒன்று இருந்தது. பழைய விண்டோஸில் அது வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95 சோதனையில் விளையாட்டு படுத்துவிட்டது. சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் நினைவகத்தை உடனே விடுவிக்காமல் வைத்திருக்கும்படி விண்டோஸுக்குள்ளேயே எழுதிச் சமாளித்தார்கள் என்று மென்பொருள் துறை எழுத்தாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி எழுதியிருக்கிறார். இன்றும் ஒரு நிரலின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கத்தைத் திறந்தால், எக்ஸ்பி காலத்து நடத்தையைக் கேட்டு வாங்கலாம். ஆனால் இந்தத் தாராளம் நிரல்களுக்கு மட்டும்தான், டிரைவர்களுக்குக் கிடையாது. டிரைவர் ஓடுவது விண்டோஸின் கருவுக்குள்ளே. 64 பிட் கருவில் 32 பிட் டிரைவரை ஏற்ற வழியே இல்லை. 64 பிட் விஸ்டா முதல் டிரைவருக்கு டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும். விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு ஒன்று கிடைத்தது. விண்டோஸ் 11 அப்படி வருவதில்லை. ஆகவே பில் போடும் நிரல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. அதற்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் துணுக்குகள் செத்துப்போகின்றன.

அந்தத் துணுக்குகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் கேபிள். இப்போதைய கணினிகளில் சீரியல் போர்ட் அரிது என்பதால் இந்தக் கேபிள் இல்லாமல் வேலை நடக்காது. சந்தையில் கொட்டிக் கிடந்த மலிவுக் கேபிள்களில் பல, புரொலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 சிப்பையோ அதன் போலியையோ கொண்டவை. அந்த வரிசையின் பழைய வகை 2012-லேயே நிறுத்தப்பட்டது. புதிய டிரைவர் அதை அடையாளம் கண்டு இயங்க மறுக்கும். டிவைஸ் மேனேஜரில் போர்ட் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், இது 2012-ல் கைவிடப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியமே பெயராக உட்கார்ந்திருக்கும். நல்ல சிப் உள்ள கேபிளை வாங்கினால் தீர்ந்தது. அப்படியும் தீராவிட்டால் போர்ட் எண்ணைப் பாருங்கள். புதிய கேபிளுக்கு விண்டோஸ் காம்7 என்றோ காம்9 என்றோ எண் கொடுத்திருக்கும். பழைய மென்பொருளின் பட்டியலோ காம்4-உடன் முடிந்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் எண்ணைக் காம்2 என்று மாற்றினால் மென்பொருள் எழுந்து உட்காரும். எக்ஸ்சேஞ்சை மாற்றச் சொன்னவர்கள் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

திரையில் ஒரு பெயரைத் தட்டினால் மேசை போன் தானே டயல் செய்யும் வசதி வேறு வழியில் உடைகிறது. அது 1993-ல் மைக்ரோசாஃப்டும் இன்டெலும் கொண்டுவந்த டிஏபிஐ என்ற ஏற்பாட்டின்மேல் நிற்பது. எக்ஸ்சேஞ்ச் தயாரித்தவர் தரும் சர்வீஸ் புரொவைடர் என்ற துண்டு அதில் போய்ச் சேர வேண்டும். 64 பிட் விண்டோஸில் டிஏபிஐ சேவையும் 64 பிட். தயாரிப்பாளர் அதற்கேற்ற புரொவைடரைத் தரவில்லையென்றால் அந்தக் கணினியில் வேறு மார்க்கம் இல்லை. மற்றவை சில்லறைக் கோளாறுகள். நிரல் 32 பிட்டாக இருந்தும் அதன் இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட்டாக இருப்பதால் சிடி ஓடாமல் நிற்பதுண்டு. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத அனுமதி கிடைக்காமல் பில் பதிவாகாமல் போவதுண்டு. சி டிரைவில் தனி ஃபோல்டரில் நிறுவினால் பெரும்பாலும் சரியாகும். எஃப்1 தட்டினால் உதவிப் பக்கம் வராது, ஏனென்றால் பழைய ஹெல்ப் கோப்புகளைத் திறக்கும் நிரல் விண்டோஸ் 10-லேயே கிடையாது. நிர்வாகப் பக்கம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில்தான் திறக்கும் என்றால், எட்ஜ் உலாவியின் ஐஇ மோடை 2029 வரையிலாவது வைத்திருப்பதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது.

இதெல்லாம் பயன்படாதபோது விர்ச்சுவல் மெஷின் இருக்கிறது. பழைய கணினியின் ஹார்டு டிஸ்க் முழுவதையும் ஒரு கோப்பாக நகலெடுத்து, புதிய கணினிக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒன்றில் ஓடவிடலாம். உண்மையான சீரியல் போர்ட்டை உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்குக் கொடுக்கவும் அதில் வசதி உண்டு. இதைச் சர்வரோக நிவாரணி என்று சொல்வோரும் இருக்கிறார்கள். அவ்வளவு நம்ப வேண்டாம். பேரலல் போர்ட்டில் செருகும் டோங்கிள் லைசென்ஸ் இருந்தால் இழுபறிதான். வாய்ஸ்மெயிலுக்கென்று மதர்போர்டின் ஐஎஸ்ஏ, பிசிஐ ஸ்லாட்டில் டயலாஜிக் கார்டு சொருகியிருந்தால் பேச்சே இல்லை. அந்தக் கணினியையேதான் காப்பாற்றியாக வேண்டும். எக்ஸ்சேஞ்சின் உறுப்பாக அதைப் பாருங்கள் என்று நான் சொல்வதன் பொருள் இங்கேதான் தெளிவாகிறது. லிஃப்ட்டின் கன்ட்ரோல் பெட்டிக்குள் என்ன ஓடுகிறது என்று எந்த அலுவலகமும் அப்கிரேடு பட்டியலில் எழுதுவதில்லை. மைக்ரோசாஃப்டும் கருவிகளுக்குள் உட்காரும் விண்டோஸுக்குத் தனி நாட்காட்டிதான் வைத்திருக்கிறது. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. பில்லிங் கவுன்டர் இயந்திரங்களுக்கென வந்த அதன் உடன்பிறப்பான போஸ்ரெடி 2009-க்கு 2019 ஏப்ரல் வரை கிடைத்தது. விண்டோஸ் 10-லும் ஐஓடி எல்டிஎஸ்சி 2021 என்ற பதிப்புக்கு 2032 ஜனவரி வரை திருத்தங்கள் உண்டு.

திருத்தம் நின்றுபோன கணினியை வைத்திருப்பது ஆபத்தில்லையா என்ற கேள்வி நியாயமானது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீம்பொருள் பரவியபோது பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஆனால் அது எப்படிப் பரவியது என்று பாருங்கள்: கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி1 என்ற பழைய நெட்வொர்க் வழியில் இருந்த ஓட்டையால். அதற்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். எக்ஸ்சேஞ்ச் கணினிக்கு வேண்டியது ஒரு சீரியல் கேபிள். லேன் கேபிள் எதற்கு? மின்னஞ்சல் எதற்கு? ரிசப்ஷனில் பொழுது போகாதபோது யூடியூப் பார்க்க அதைக் கொடுப்பதுதான் ஆபத்து. லேனிலிருந்து கழற்றி, பென் டிரைவுக்கும் கட்டுப்பாடு வைத்தால் அந்தக் கணினிக்கு வரக்கூடிய தீங்கில் பெரும்பகுதி போய்விடும். வெளியிலிருந்து வருபவர்கள் நுழைவது பெரும்பாலும் கணினி வழியாகவும் அல்ல, எக்ஸ்சேஞ்சின் சொந்த வாசல் வழியாகத்தான்: வெளியிலிருந்து டயல் செய்து உள் லைனைப் பிடிக்க உதவும் டிஐஎஸ்ஏ, தொலைவிலிருந்து பழுது பார்க்கும் மோடம், இரண்டுக்கும் தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு. வெளிநாட்டு அழைப்புகளைத் திருடுகிறவர்களுக்கு அது போதும். நேற்று வாங்கிய புத்தம்புதிய எக்ஸ்சேஞ்சிலும் இந்த ஓட்டை இருக்கலாம்.

எல்லாவற்றையும் ஐபி போனுக்கோ கிளவுடுக்கோ மாற்றிவிட்டால் தொல்லை விட்டது என்பது அடுத்த வாதம். புதிதாகக் கட்டும் அலுவலகத்துக்கு அதுவே சரி. இருநூறு அறைக்கும் ஏற்கெனவே இரட்டை ஒயர் இழுத்திருக்கும் விடுதிக்கோ மருத்துவமனைக்கோ அப்படி இல்லை. சாதாரண போன் பேசத் தேவையான மின்சாரத்தை எக்ஸ்சேஞ்சிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பெட்டிக்கு பேட்டரி இருந்தால் கரன்ட் போனாலும் வார்டிலிருந்து டாக்டரைக் கூப்பிடலாம். ஐபி போனுக்கு அறைதோறும் லேன் கேபிளும், மாடிதோறும் சுவிட்ச்சும், சுவிட்ச் ஒவ்வொன்றுக்கும் யுபிஎஸ்ஸும் வேண்டும். அதனால் மாறவே கூடாது என்று சொல்லவில்லை. நார்டெல் 2009-ல் திவாலானது, தோஷிபா 2017-ல் எக்ஸ்சேஞ்ச் தொழிலிலிருந்து விலகியது. தயாரித்தவர் இல்லை, உபரிக் கார்டு கிடைக்கவில்லை, புரோகிராம் செய்யத் தெரிந்தவர் ஊரில் இல்லை என்றால் மாறுவதைத் தள்ளிப்போடுவது வீம்பு. ஆனால் அவை எக்ஸ்சேஞ்ச் தரும் காரணங்கள். டிரைவர் கிடைக்கவில்லை என்பது அவற்றோடு சேராது.

பழைய கணினியை அப்படியே விட்டுவைப்போரிடம் எனக்குள்ள மனத்தாங்கல் வேறு: அவர்கள் அதைக் காப்பாற்றுவதில்லை, மறந்துவிடுகிறார்கள். மதர்போர்டிலுள்ள சிஆர்2032 என்ற சிறு பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை கரன்ட் போகும்போதும் கணினியின் தேதி பல வருடம் பின்னுக்குப் போகும். கணினிக் கடிகாரத்தை நம்பும் மென்பொருள் பில்லிலும் அதையே அச்சடிக்கும். ஹார்டு டிஸ்க் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். இன்ஸ்டால் சிடி எங்கே, லைசென்ஸ் எண் என்ன, போர்ட் வேகம் என்ன என்று அன்றைக்குத் தேடினால் கிடைக்காது. ஏஎம்சி என்ற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த சர்வீஸ்காரரின் எண்ணும் மாறியிருக்கும். ஆகவே அப்கிரேடு தேதியைக் குறிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க்கை முழுதாக நகலெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். எக்ஸ்சேஞ்ச் புரோகிராமையும் பேக்கப் எடுங்கள். மென்பொருளின் பதிப்பு, லைசென்ஸ், போர்ட் எண், வேகம், பாஸ்வேர்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி நிர்வாகியின் பீரோவில் பூட்டுங்கள். பேட்டரியை மாற்றுங்கள், லேன் கேபிளைக் கழற்றுங்கள். அதன் பிறகு மற்றக் கணினிகளை எந்த விண்டோஸுக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.